ஏரி மட்டமும் மதகுப் பழுதும்: சி3 என்ற ஒற்றை எண் சொல்லாதவை

என் அக்கா மகளுக்கு ஏழு வயது நடந்தபோது காலில் சிரங்கு வந்தது. குடியாத்தம் பக்கம் வெயில் ஏறினால் பிள்ளைகளுக்கு வருகிற சிரங்குதான். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள், ஆறியது. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவள் முகம் உப்பி, இமைகளைத் திறக்க முடியாமல் எழுந்தாள். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. அக்காவும் மாமாவும் அவளைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு ஓடினார்கள். சிரங்கில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைத் தொடர்ந்து வரும் சிறுநீரக அழற்சி என்று மருத்துவர் சொன்னார். ரத்த அறிக்கையில் சி3 என்று ஒரு வரி, ரத்தத்தில் ஓடும் ஒரு புரதத்தின் அளவு. 90க்கு மேல் இருக்க வேண்டியது 28 என்று இருந்தது.

“பயப்படாதீர்கள் அம்மா, ஆறு முதல் எட்டு வாரத்தில் இந்த எண் தானாக ஏறிவிடும். ஏறவில்லை என்றால்தான் வேறு மாதிரி யோசிக்க வேண்டும்” என்றார் மருத்துவர். வீக்கம் வடிந்தது, பள்ளிக்கும் போகத் தொடங்கினாள். ஆனால் எட்டாவது வாரம் பார்த்தபோது சி3 61தான். அந்த எண்ணோடு இன்னொரு பரிசோதனையும் எடுக்கச் சொன்னார்கள். சி3 இடம்பெறும் புரதத் தொகுதி முழுவதும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது அது. எங்கள் ஊரிலேயே ரத்தம் எடுத்துக் கொடுத்தோம். முடிவு பூஜ்யம் என்று வந்தது. அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து, மருத்துவமனையிலேயே ரத்தம் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, உடனே பிரித்துப் பார்த்ததில் அது ஏறக்குறைய சரியாகவே இருந்தது. முதல் ரத்தம் மே மாதப் பகலில், இரு சக்கர வாகனத்தின் பெட்டிக்குள், அரை நாள் ஊர் சுற்றிப் போய்ச் சேர்ந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டாவது வாரம் சி3 104க்கு ஏறியது.

அந்த மூன்று மாதங்களில்தான் இந்தப் புரதங்களைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. எங்களைக் கலங்கடித்த குழப்பம் ஒரு சிறிய ஊரின் கவனக்குறைவு மட்டும் அல்ல. இந்தத் துறையின் ஆராய்ச்சியாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டும் சிக்கலின் உள்ளூர் முகம் அது. அழற்சி எங்கே நடக்கிறதோ அங்கே நம்மால் பார்க்க முடிவதில்லை. எங்கே பார்க்க முடிகிறதோ அங்கே, அதாவது கையிலிருந்து எடுத்த ரத்தத்தில், பாதிக் கதைதான் இருக்கிறது.

ரத்தத்தின் நீர்ப்பகுதியில் காம்ப்ளிமென்ட் என்று அழைக்கப்படும் புரதக் கூட்டம் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றைக் கட்டுப்படுத்துபவை, அவற்றை உணரும் செல் பரப்புப் புரதங்கள் எல்லாம் சேர்த்து சுமார் 50. 1890களில் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ழூல் போர்டே இதைக் கண்டுகொண்ட விதம் எளிமையானது. ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்தான் சீரம். கிருமியைக் கொல்லும் சீரத்தை 56 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் கொல்லும் திறன் போய்விடுகிறது. நோய் காணாத விலங்கின் புதிய சீரத்தைச் சிறிது சேர்த்தால் அது திரும்பி வருகிறது. அப்படியென்றால் சூட்டைத் தாங்கும் ஒன்றும், தாங்காத ஒன்றும் சேர்ந்துதான் கிருமியைக் கொல்கின்றன. தாங்குவது, கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). அதன் வேலையை நிறைவு செய்வது என்ற பொருளில் தாங்காததற்கு காம்ப்ளிமென்ட் என்று பால் எர்லிக் பெயர் வைத்தார். போர்டேவுக்கு 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. வெப்பத்தில் கெட்டுப்போகும் குணத்தை வைத்துத்தான் இந்தப் பொருளை உலகம் அடையாளம் கண்டது. அதே குணம்தான் வாகனப் பெட்டிக்குள் எங்கள் குழந்தையின் அறிக்கையையும் பொய்யாக்கியது.

இந்தக் கூட்டத்தின் நடுநாயகம் சி3. அது கிருமி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. எந்நேரமும் அதில் ஒரு சிறு பங்கு தானாகவே விழித்துக்கொண்டே இருக்கிறது. விழித்த துண்டு, கண் இமைக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு குறைந்த காலத்துக்குள், பக்கத்தில் இருக்கும் பரப்பு எதுவானாலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துண்டு பி காரணி என்ற இன்னொரு புரதத்தைச் சேர்த்துக்கொண்டு வெட்டும் நொதியாகிறது. அந்த நொதி மேலும் சி3 புரதங்களை வெட்டுகிறது. அவையும் ஒட்டுகின்றன, அவையும் நொதியாகின்றன. ஒன்று நூறாகி, நூறு ஆயிரமாகும் பெருக்கம் இது. முடிவில் கிருமியின் தோலில் துளையிடும் புரத வளையம் உருவாகிறது. வழியில் சிதறும் சிறு துண்டுகள் வெள்ளணுக்களைக் கூவி அழைக்கின்றன. சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிற அழற்சிக்கு இந்த அழைப்பும் ஒரு காரணம்.

கிருமியின் மேல் ஒட்டினால் நல்லது. நம் சிறுநீரகத்தின் மேல் ஒட்டினால்? ஒட்டத்தான் செய்கிறது, ஒவ்வொரு நொடியும். அதனால்தான் உடல் இந்தப் படையோடு ஏறக்குறைய அதே அளவு பெரிய காவலையும் வைத்திருக்கிறது. நம் செல்களின் பரப்பில் சிடி46, சிடி55, சிடி59 என்று புரதங்கள் நடப்பட்டிருக்கின்றன. ரத்தத்தில் எச் காரணி, ஐ காரணி, சி4 பிணைப்புப் புரதம், சி1 தடுப்பான் ஆகியவை மிதக்கின்றன. எச் காரணி ஒட்டிய சி3 துண்டைப் பற்றிக்கொள்ளும். ஐ காரணி அதை வெட்டிச் செயலிழக்க வைக்கும். இது நடக்காத இடத்தில் நம் உடம்பே நமக்குக் கிருமியாகிவிடும்.

வடாற்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க வேறு உவமை தேவையில்லை. நம்முடையது ஏரி மாவட்டம். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக காவேரிப்பாக்கம் ஏரிக்கு வரும் தண்ணீரை எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் வேண்டும். ஆனால் அது மதகு வழியாக, வேண்டிய வயலுக்கு, வேண்டிய நேரத்தில் மட்டும் போக வேண்டும். மதகு உடைந்தால் விளைந்த பயிரே மூழ்கும். ஒழுங்குபடுத்தும் புரதங்கள்தான் மதகுகள். அறிக்கையில் வரும் சி3 எண்ணோ, ஏரியின் நீர்மட்டம்.

நீர்மட்டம் குறைந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் என்ன முடிவுக்கு வரலாம்? மழை பொய்த்திருக்கலாம், அதாவது கல்லீரல் சி3 செய்வது குறைந்திருக்கலாம். மதகு உடைந்து தண்ணீர் வெளியே கொட்டியிருக்கலாம். அதாவது எங்கோ அழற்சியில் சி3 செலவாகிக்கொண்டிருக்கலாம். இதைவிட ஏமாற்றுவது இன்னொரு நிலை. அழற்சி ஏற்பட்டால் கல்லீரல் சி3 உற்பத்தியைக் கூட்டும். மதகு உடைந்து கொட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே அடைமழை பெய்தால் ஏரி மட்டம் சரியாகவே தெரியும். அறிக்கையில் 110 என்று இருக்கும். கீழே வயல் மூழ்கிக்கொண்டிருக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் லூபஸ் நோயில் சிலருக்கு சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும்போதும் சி3 எண் சரியாகவே தெரிவதற்கு இது ஒரு காரணம்.

செலவை நேரடியாக அளக்க வழி இருக்கிறது. வெட்டுப்பட்ட துண்டுகளை அளக்கலாம், துளை வளையத்தின் கரைந்த வடிவத்தை அளக்கலாம். ஆனால் ரத்தம் கண்ணாடிக் குழாய்க்குள் வந்ததும் இந்தப் பெருக்கம் குழாய்க்குள்ளேயே தொடங்கிவிடும். உறையவிட்டு எடுத்த சீரத்தில் அந்தத் துண்டுகள் ஏகமாக இருக்கும். அவை நோயாளியின் உடலில் பிறந்தவையா, குழாயில் பிறந்தவையா என்று சொல்ல முடியாது. அதனால் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போடும் இடிடிஏ கலந்த குழாயில் எடுத்து, குளிரில் சுழற்றிப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். எங்கள் குழந்தைக்குப் பூஜ்யம் காட்டிய பரிசோதனையின் தேவையோ நேர் எதிர். எதிர்ப்பொருள் பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களை நோயாளியின் சீரம் எவ்வளவு உடைக்கிறது என்று பார்ப்பது அது. அதற்கு இடிடிஏ கூடாது, காம்ப்ளிமென்ட் உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் முன்கூட்டியே விழித்துச் செலவாகியும் விடக்கூடாது. ஒரே நோயாளி, ஒரே நாள், இரண்டு குழாய்கள், இரண்டு விதமான பக்குவம். ஏலகிரி அடிவாரத்திலோ ஜவ்வாது மலையிலோ ஒரு சுகாதார நிலையத்தில் எடுக்கப்படும் ரத்தம் இந்தப் பக்குவத்தோடு வேலூர் வந்து சேர்வது எவ்வளவு கடினம் என்பதை அந்தச் சாலைகளில் பயணித்தவர்கள் அறிவார்கள். தங்கள் ஊரில் மாதிரிகளைச் சேகரித்து உலகத் தரத்தில் ஆய்வு செய்ய முயலும் எந்தக் குழுவுக்கும் முதல் தடை அறிவில் இல்லை, குளிர்சாதனச் சங்கிலியில் இருக்கிறது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

மதகு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இயற்கை தெளிவாகக் காட்டிய இடங்களும் உண்டு. அவற்றில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த உயிரிடம் இருக்கிறது. நல்ல பாம்பின் நஞ்சு காம்ப்ளிமென்ட்டை அழிக்கிறது என்று 1903ஆம் ஆண்டிலேயே ஃப்ளெக்ஸ்னரும் நோகுச்சியும் எழுதினார்கள். அந்த நஞ்சில் சி3 துண்டைப் போலவே உருவான ஒரு புரதம் இருக்கிறது. நம் சி3 துண்டு பி காரணியோடு சேர்ந்து அமைக்கும் நொதி சுமார் ஒன்றரை நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடும். பாம்பின் புரதம் அமைக்கும் நொதிக்கு அதற்கு ஏழு மணி நேரம் ஆகும். எச் காரணி அதைப் பற்றாது, ஐ காரணி அதை வெட்டாது. மதகைப் பிடுங்கி எறிந்ததுபோல, ரத்தத்தில் இருக்கும் சி3 முழுவதும் கொட்டித் தீர்ந்துவிடும். ஆய்வகங்களில் விலங்குகளின் காம்ப்ளிமென்ட்டை வற்றச் செய்ய இதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். தீக்கு எண்ணெய் எவ்வளவு என்பதைவிட அணைக்கும் கை இருக்கிறதா என்பதே முக்கியம் என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

இன்னொன்று நோயாளிகளிடமிருந்து கிடைத்த பாடம். எலும்பு மஜ்ஜையின் தாய்ச்செல் ஒன்றில் பிக்-ஏ என்ற மரபணு பழுதானால், அதிலிருந்து பிறக்கும் சிவப்பணுக்களின் பரப்பில் சிடி55, சிடி59 இரண்டுமே நிற்க முடியாது. காவலற்ற அந்தச் சிவப்பணுக்களை நோயாளியின் காம்ப்ளிமென்ட்டே உடைக்கும். சிறுநீர் சிவக்கும், ரத்தம் குறையும், நாளங்களில் ரத்தம் உறையும். சி5 என்ற கடைசிக்கட்டப் புரதத்தைத் தடுக்கும் எக்குலிசுமாப் மருந்து 2007இல் இந்த நோய்க்குத்தான் முதலில் ஒப்புதல் பெற்றது. சிவப்பணு உடைவது நின்றது. ஆனாலும் சிலருக்குச் சோகை முழுதாகத் தீரவில்லை. காரணம், துளை வளையத்தைத் தடுக்கும் சிடி59 இல்லாத குறையை மருந்து மூடியது. அதற்கு முன்பே சி3 வெட்டும் நொதியைக் கலைக்கும் சிடி55 இல்லாத குறை அப்படியே இருந்தது. மேலே சி3 ஒட்டிக்கொண்டே இருந்ததால், அப்படி ஒட்டுண்ட சிவப்பணுக்களைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கின. கீழ் மதகை அடைத்தார்கள், மேல் மதகு திறந்தே கிடந்தது. மருந்து கொடுத்துப் பார்த்த பிறகுதான் இது கண்ணுக்குத் தெரிந்தது.

இத்தனை தெளிவு எச் காரணியில் இல்லை. இருபது சிறு முடிச்சுகளைக் கோத்த மாலை போன்ற புரதம் அது. ஒரு முனையில் உள்ள முதல் நான்கு முடிச்சுகள் சி3 துண்டை முடக்குகின்றன. மறுமுனையின் கடைசி இரண்டு முடிச்சுகள் நம் செல் பரப்பின் சியாலிக் அமிலத்தை உணர்ந்து, இது நம் வீடு என்று அடையாளம் காண்கின்றன. கடைசி முடிச்சுகளில் பிறழ்வு வந்தால் நுண்ணிய ரத்த நாளங்களின் உட்சுவர் தாக்கப்பட்டு, தட்டணுக்கள் குறைந்து, சிறுநீரகம் சட்டென்று நின்றுபோகும் நோய் வரலாம். ஹீமோலிடிக் யுரீமிக் சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொல்லும் நோயின் அரிய வகை அது. முதல் முடிச்சுகள் வேலை செய்யாவிட்டால் சிறுநீரக வடிகட்டியில் சி3 மெல்லப் படிந்து ஆண்டுக்கணக்கில் அரிக்கும் வேறொரு நோய் வரலாம். நடுவில், 402ஆவது இடத்தில், டைரோசினுக்குப் பதில் ஹிஸ்டிடின் என்ற ஒரே எழுத்து மாறினால் முதுமையில் விழித்திரையின் மையம் பழுதாகும் வாய்ப்பு கூடுகிறது. 2005இல் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் இதை அறிவித்தன. ஒரே புரதத்திலிருந்து மூன்று நோய்கள். சிறுநீரக வடிகட்டியின் அடிச்சவ்வும் விழித்திரைக்குக் கீழே உள்ள சவ்வும் செல்கள் அல்ல; அவற்றில் சிடி46, சிடி55 போன்ற காவல் நடப்படவில்லை. அவை எச் காரணியையே பெரிதும் நம்பியிருக்கின்றன. ஏன் இந்த இரண்டு உறுப்புகள் என்பதற்கு இது நல்ல விடை. ஆனால் அந்த ஒற்றை எழுத்து கண்ணை எப்படிக் கெடுக்கிறது என்பதில் இருபது ஆண்டுகள் கழிந்தும் ஒருமித்த கருத்து இல்லை. 2017இல், இதே புரதக் கூட்டத்தைச் சேர்ந்த டி காரணியைத் தடுக்கும் மருந்து ஒன்று இந்தக் கண் நோய்க்கான பெரிய சோதனைகளில் தோற்றது. 2023இல் சி3 தடுப்பான் ஒன்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது பழுது பரவும் வேகத்தைக் குறைக்கிறதே தவிர இழந்த பார்வையைத் தருவதில்லை.

எச் காரணிக்குப் பக்கத்திலேயே, முதலாம் குரோமோசோமில், அதன் பங்காளிகள் ஐவர் குடியிருக்கிறார்கள். எச் காரணி சார்ந்த புரதங்கள் 1 முதல் 5 வரை என்று அவற்றுக்குப் பெயர். மூதாதை மரபணு திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டு உருவானவை. முகம் ஒன்றுபோலவே இருக்கும். சிலவற்றில் பற்றும் முனை உண்டு, முடக்கும் முனை இல்லை. அவை போய் இடத்தைப் பிடித்துக்கொண்டால் உண்மையான காவலாளிக்கு நிற்க இடமில்லை என்பது இப்போது பலர் ஏற்கும் கருத்து. ஆனால் அதை உறுதிசெய்ய இவற்றைத் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்றைப் பிடிக்கச் செய்த சோதனை எதிர்ப்பொருள் இன்னொன்றையும் பிடித்துவிடுகிறது. மரபணுவைப் படிக்கப் போனாலும் அதே தொல்லை. சிறு சிறு துண்டுகளாகப் படித்துச் சேர்க்கும் வழக்கமான முறையில் எந்தத் துண்டு எந்தப் பங்காளியுடையது என்று தெரியாமல் இடம் மாறி ஒட்டிவிடும். பாதி ஒருவர், பாதி மற்றவர் என்று இணைந்து பிறந்த கலப்பு மரபணுக்கள் இப்படித்தான் கண்ணில் படாமல் நழுவுகின்றன.

பிறழ்வைக் கண்டுபிடித்துவிட்டால் கதை முடிந்தது என்றும் சொல்ல முடியாது. எச் காரணியில் ஒரே பிறழ்வைச் சுமக்கும் அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு சிறுநீரகம் செயலிழக்கும். மற்றவர் எழுபது வயது வரை நலமாக இருப்பார். சுமப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே நோய் வெளிப்படுகிறது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ பிரசவமோ வந்து தூண்ட வேண்டியிருக்கிறது. ஒழுங்குமுறையில் உள்ள குறை ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்தால்தான் ஏரி உடைகிறது. குடும்பத்தாருக்கு மரபணு அறிக்கையை விளக்க வேண்டிய மருத்துவரின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். அதிலும் ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்ற குறிப்பு நம் ஊர் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத் தொகுப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளும் ஒரே சமூகத்துக்குள்ளும் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் நம் பகுதியில், இங்கே மட்டுமே பரவலாக இருக்கக்கூடிய மாற்றங்கள் அங்கே ‘அரியவை’ என்று தோன்றும்.

இந்தியாவில் இந்த நோயின் முகமே வேறாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஏற்கெனவே உண்டு. மேலை நாடுகளில் ஹீமோலிடிக் யுரீமிக் சிண்ட்ரோமின் அந்த அரிய வகையில் பெரும்பாலும் மரபணுப் பிறழ்வுதான் பேசப்படுகிறது; எச் காரணிக்கு எதிராக உடலே செய்துகொண்ட எதிர்ப்பொருள் அங்கே சிறுபான்மை. இந்தியக் குழந்தைகளிலோ பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த எதிர்ப்பொருள்தான் காரணம் என்று நாடு தழுவிய தொகுப்புகள் காட்டின. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பங்காளி மரபணுக்களில் முதலாவது இரண்டு பிரதிகளிலும் இல்லை. ஆனால் அது இல்லாமலே நலமாக வாழ்பவர்கள் நம்மிடையே ஏராளம். குறை பரவலாக இருக்கிறது, நோய் அரிதாக வருகிறது; நடுவில் எது தூண்டுகிறது என்பதுதான் நம் நாட்டிலேயே விடை தேட வேண்டிய கேள்வி. இது ஏட்டுக் கேள்வி அல்ல. எதிர்ப்பொருள் என்று தெரிந்தால் பிளாஸ்மா மாற்றமும், எதிர்ப்பொருள் உற்பத்தியை அடக்கும் மருந்தும் கொடுத்து சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடிகிறது. ஒரு நடுத்தரக் குடும்பம் கனவிலும் எட்ட முடியாத விலையுள்ள சி5 தடுப்பானுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆராய்ச்சி நம் குழந்தைகளின் ரத்தத்தில் நடக்காமல் வெளிநாட்டுப் பாடநூலை மட்டும் நம்பியிருந்தால் எத்தனை பிள்ளைகள் டயாலிசிஸ் அறைக்குப் போயிருப்பார்கள்! இந்த ஒரு எடுத்துக்காட்டுக்காகவே இத்துறைக்கு இங்கே பணமும் ஆளும் ஒதுக்கப்பட வேண்டும் என்று வாதிடுவேன்.

பெயர் ஏமாற்றும் என்பதற்கும் இத்துறையில் ஒரு பாடம் உண்டு. சி1 தடுப்பான் குறைவாகப் பிறந்தவர்களுக்கு முகமும் உதடும் குரல்வளையும் திடீர் திடீரென்று வீங்கும். 1963இல் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டபோது, காம்ப்ளிமென்ட்டை அடக்கும் புரதம் இல்லை, ஆகவே காம்ப்ளிமென்ட்டே வீக்கத்துக்குக் காரணம் என்று எண்ணுவது இயல்பாக இருந்தது. உண்மையில் அந்தப் புரதம் வேறொரு நொதித் தொடரையும் அடக்குகிறது. அதிலிருந்து பிறக்கும் பிராடிகைனின்தான் வீக்கத்தை உண்டாக்குவது. சி4 குறைவது உண்மை. நோய்க்கு அது அடையாளம், காரணம் அல்ல.

சில வேளைகளில் தர்க்கமே தலைகீழாகிறது. லூபஸ் நோயில் காம்ப்ளிமென்ட் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அப்படியானால் காம்ப்ளிமென்ட் இல்லாதவர்களுக்கு லூபஸ் வரக்கூடாது. ஆனால் சி1க்யூ என்ற முதல் கட்டப் புரதம் பிறவியிலேயே முற்றிலும் இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு லூபஸோ அதைப் போன்ற நோயோ வருகிறது. இறந்த செல்களின் குப்பையை அள்ளும் வேலையும் அதனுடையது. குப்பை தேங்கினால் உடல் தன்னையே எதிரியாகப் பார்க்கத் தொடங்குகிறது. அப்படியானால் இந்தப் புரதங்களை மருந்தால் அடைக்கும்போது எந்த வேலையை நிறுத்துகிறோம், எந்த வேலையைக் கெடுக்கிறோம்? எலிகளைக் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். எலியின் செல்களைப் பெரிதும் காப்பது கிரை என்ற புரதம். அது இல்லாத எலிக்கரு தாயின் வயிற்றிலேயே அழிந்துவிடும். மனிதரிடம் அந்தப் புரதமே கிடையாது.

கருவி போதாத காலத்தில் ஒரு கண்டுபிடிப்புக்கு என்ன நேரும் என்பதை லூயி பில்லமரின் வாழ்க்கை சொல்கிறது. எதிர்ப்பொருள் இல்லாமலே காம்ப்ளிமென்ட் விழிக்கும் மாற்றுவழி ஒன்று உண்டு, அதில் புராப்பர்டின் என்ற புரதம் பங்கேற்கிறது என்று 1954இல் அவர் எழுதினார். நீங்கள் பார்ப்பது சிறிதளவு கலந்திருக்கும் எதிர்ப்பொருளின் வேலைதான் என்று எதிர்த்தரப்பு சொன்னது. இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு அன்று புரதங்களைத் தூய்மைப்படுத்த முடியவில்லை. 1957இல் அவர் இறந்தார். அவர் சொன்னது சரி என்று துறை ஏற்க மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. எங்கள் குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கியது அந்த மாற்றுவழிதான்.

வேலூருக்கு இந்தக் கேள்வியில் தனிப் பங்கு உண்டு. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையில்தான் 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. தொழுநோயில் சுருண்டுபோன விரல்களை அறுவையால் நிமிர்த்தும் வேலையை 1940களின் இறுதியில் பால் பிராண்ட் தொடங்கியதும் இங்கேதான். பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. தொழுநோய்க் கிருமி காம்ப்ளிமென்ட்டிடமிருந்து ஓடுவதில்லை. தன் மேல் சி3 துண்டுகளை ஒட்டவிட்டு, அவற்றையே பிடியாகக் கொண்டு விழுங்கணுவுக்குள் பத்திரமாக நுழைகிறது. சிகிச்சையின்போது சிலருக்குச் சிவந்த, வலிக்கும் முடிச்சுகளோடு காய்ச்சல் வரும். அந்த முடிச்சுகளில் எதிர்ப்பொருளும் காம்ப்ளிமென்ட்டும் படிந்திருப்பதை 1969லேயே காட்டினார்கள். ஆனால் அதே நோயாளிகளின் ரத்தத்தில் சி3 அளந்தவர்களுக்குச் சில ஆய்வில் அதிகமாகவும், சிலவற்றில் சரியாகவும், சிலவற்றில் குறைவாகவும் கிடைத்தது. தோலில் மதகு உடைந்ததை ரத்தத்தின் ஏரி மட்டம் சொல்லவில்லை. தோலையும் சிறுநீரகத்தையும் ஊசியால் கிள்ளிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இன்றும் பெரிதாக இல்லை. வாரத்துக்கு ஒருமுறை யாரையும் கிள்ளிப் பார்க்கவும் முடியாது.

எங்கள் குழந்தையின் நோய்க்கே இப்போது புதிய விளக்கம் ஒன்று கிடைத்திருக்கிறது. கிருமித் தொற்றைத் தொடர்ந்து சிறுநீரக அழற்சி வந்த குழந்தைகளைப் பிரான்சில் ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது பேரின் ரத்தத்தில் பி காரணிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது என்று 2020இல் எழுதினார்கள். அது சி3 வெட்டும் நொதியைச் சிதையவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. நோய் தணியத் தணிய அதுவும் மறைகிறது. சிறுநீரக வடிகட்டியில் சி3 படிந்து, ரத்தத்தில் சி3 ஆண்டுக்கணக்கில் ஏறாமல் நிற்கும் அந்த மற்ற நோயில் அது சிலருக்கே இருந்தது. அந்தப் பரிசோதனை முதல் வாரத்திலேயே கிடைத்தால், எட்டு வாரம் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய தாய்மார்களுக்கு எவ்வளவு பாரம் குறையும். நம் ஊர்ச் சிரங்கிலும் அதேதான் நடக்கிறதா என்று அறிய, வீங்கிய முகத்தோடு வரும் முதல் நாளிலேயே ஒரு குழாய் ரத்தம் எடுத்து, குளிரில் பிரித்து, பாதுகாத்து வைத்திருக்க வேண்டும்.

அக்கா மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டுக்கொருமுறை சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்க்கிறோம், சரியாக இருக்கிறது. அவளுக்கு சி3 ஏன் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொண்டது என்று மருத்துவரிடம் போன முறை கேட்டேன். “அந்த முதல் நாள் ரத்தம் இருந்திருந்தால் பார்த்துச் சொல்லியிருக்கலாம்” என்றார். சி3 28 என்று எழுதிய அன்றே அந்தக் குழாயின் வேலை முடிந்திருந்தது. மறுநாள் மற்றக் குழாய்களோடு அதையும் கொட்டிவிட்டார்கள்.